ஆயில் எங்கே போகிறது? இருசக்கர வண்டி மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மெக்கானிக் நண்பர்களுக்கு,

"வண்டி ஆயில் குடிக்குதுண்ணே, புகையும் அடிக்குது" என்று ஒருவர் உங்கள் கடை வாசலில் வந்து நிற்கிறார். அடுத்து நீங்கள் சொல்லும் பதிலில் அவருடைய மாதச் சம்பளத்தின் கணிசமான பங்கு அடங்கியிருக்கிறது. பல கடைகளில் அந்தப் பதில் "எஞ்சின் வேலை" என்பதாகவே இருக்கிறது. எஞ்சினை இறக்கி, பிளாக்கை லேத்துக்கு அனுப்பி போர் போட்டு, பிஸ்டன் செட் மாற்றி, மொத்தமாக ஒரு தொகை. சில வண்டிகளுக்கு அதுதான் சரியான வேலை. ஆனால் ஆயில் குறைவதற்கும் புகை வருவதற்கும் வேறு காரணங்களும் நிறைய உண்டு. சில ஒரு ரப்பர் சீலோடு முடிந்துவிடும். சில நசுங்கிய ஒரு குழாயை நிமிர்த்துவதோடு முடிந்துவிடும். எது எதுவென்று பிரித்தறியப் பெரும்பாலும் அரை மணி நேரச் சோதனை போதும். எஞ்சினைத் திறப்பதற்கு முன் அந்தச் சோதனையைச் செய்யுங்கள், செய்த சோதனைக்குத் தனியாகக் கூலி கேட்டு வாங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முதல் பாதியை எவ்வளவு அழுத்திச் சொல்கிறேனோ அவ்வளவு அழுத்தி இரண்டாவது பாதியையும் சொல்கிறேன்.

ஆயில் உண்மையில் குறைகிறதா என்பதே முதல் கேள்வி. நம் கியர் வண்டிகளில் பிஸ்டனுக்கும் கேமுக்கும் போகிற அதே ஆயில்தான் கியர்பாக்ஸையும் கிளட்ச் பிளேட்டுகளையும் நனைக்கிறது. 100 சிசி வண்டியில் மொத்தமே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். அதில் 300 மி.லி. குறைந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். ஆகவே அளவு முக்கியம். ஆனால் அளவு பார்க்கிற முறையிலேயே பாதிக் குழப்பம் தொடங்கிவிடுகிறது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் பார்த்த அளவை நம்ப முடியாது. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்க இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, வண்டியை நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்பிளெண்டர் வகை எஞ்சின்களில் ஸ்டிக்கை மரையில் திருகாமல் சும்மா உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்; திருகினால் ஸ்டிக் கூடுதல் ஆழம் இறங்கி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். வேறு சில எஞ்சின்களில் முறை வேறு, கண்ணாடி வைத்தவற்றில் ஸ்டிக்கே கிடையாது. எந்த வண்டிக்கு எது என்பது அதன் கையேட்டில் இருக்கிறது.

குறைவாக இருப்பது மட்டுமல்ல, கூடுதலாக ஊற்றுவதும் கெடுதல்தான். சந்தையில் 900 மி.லி. டப்பாவும் உண்டு, ஒரு லிட்டர் டப்பாவும் உண்டு. 900 மி.லி. கேட்கும் எஞ்சினில் ஒரு லிட்டர் டப்பாவை மிச்சம் வைக்காமல் கவிழ்க்கிறோம். டிரெயின் செய்தபோது முழுதும் வடியாமல் உள்ளே தங்கிய பழைய ஆயிலும் அதோடு சேர்கிறது. அளவுக்கு மீறிய ஆயிலைக் கிராங்க் அடித்துக் கலக்கி நுரையாக்குகிறது. நுரை ப்ரீதர் பைப் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து சிலிண்டருக்குள் உறிஞ்சப்பட்டு எரிகிறது. சைலன்சரில் நீலப் புகை வந்ததும் "ரிங் போச்சு" என்கிறோம். ரிங் நன்றாகத்தான் இருக்கிறது. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பார்த்திருந்தால் உள்ளே தேங்கிய ஆயில் உண்மையைச் சொல்லியிருக்கும். புகை அடிக்கும் வண்டியில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அந்தப் பெட்டிதான்.

இந்த வகைக் குழப்பத்துக்கு நம் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரான பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டைவிட நல்ல சான்று கிடையாது. அதில் ஆயில் கிராங்கின் அடியில் தேங்கி நிற்பதில்லை. அதற்கென எஞ்சின் கூட்டிலேயே தனி அறை உண்டு. ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலைக் கிராங்குக்குத் தள்ளும், இன்னொரு பம்ப் கீழே விழுந்ததை அறைக்கே திருப்பி அனுப்பும். வண்டி பல நாள் நின்றால் அறையில் இருக்கும் ஆயில் பம்பின் இடுக்கு வழியே மெல்லக் கிராங்க் பக்கம் இறங்கிவிடும். ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் இல்லை. உரிமையாளர் பயந்துபோய் ஊற்றுகிறார். கிக்கரை அடித்து ஓடவிட்டதும் கீழே இறங்கிய ஆயில் மொத்தமும் அறைக்குத் திரும்ப, அளவு மீறி, ப்ரீதர் வழியாகக் கக்குகிறது, புகைகிறது. இதில் ஒரு சொட்டு ஆயிலும் தொலையவில்லை, ஒரு ரிங்கும் தேயவில்லை. சில நிமிடம் ஓட்டிவிட்டு அளந்திருந்தால் காணாமல் போன ஆயில் தானாகவே தெரிந்திருக்கும். ஒரே இரவில் இறங்கிவிடுகிறது என்றால் பம்ப் டிஸ்க்கைத் தேய்த்துச் சமன்செய்ய வேண்டியிருக்கலாம். அப்போதும் பிளாக்கைத் தொட வேலை இல்லை.

அளவை உறுதிப்படுத்த உங்களிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது, காசு செலவில்லாதது. ஆயில் மாற்றும்போது வடிந்த பழைய ஆயிலைக் கீழே தட்டில் விட்டுக் கொட்டிவிடாமல், அளவு போட்ட ஜாடியில் ஊற்றிப் பாருங்கள். போன தடவை ஊற்றியது எவ்வளவு, இப்போது வந்தது எவ்வளவு, இடையில் ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு என்று சர்வீஸ் சீட்டில் ஒரு வரி எழுதுங்கள். நல்ல எஞ்சினும் கொஞ்சம் ஆயிலைச் செலவழிக்கத்தான் செய்யும். 2000 கிலோமீட்டரில் 50 மி.லி. குறைந்த வண்டியும் 400 மி.லி. குறைந்த வண்டியும் "ஆயில் குடிக்குது" என்ற ஒரே சொல்லில்தான் உங்களிடம் வருகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஜாடியில் இருக்கும் கோடு மட்டுமே.

அளவு குறைவது உறுதியானால், ஆயில் வெளியே கசிகிறது அல்லது உள்ளே எரிகிறது. கசிவைத் தேடும்போது ஏமாறுவது எளிது, ஏனென்றால் ஓடும் வண்டியில் எதிர்க்காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் இன்னொன்று. டேப்பெட் மூடியின் ஓ-ரிங் கசிந்து ஹெட் பேக்கிங் கசிவதைப் போலத் தோற்றம் காட்டும். எஞ்சினைக் கழுவித் துடைத்து உலரவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மேலே தூவி, கொஞ்ச தூரம் ஓட்டி வந்து பார்த்தால் ஈரக்கோடு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது பளிச்சென்று தெரியும். ஒரே நேரத்தில் பல இடங்களில் கசிந்தால் பேக்கிங்குகளைக் குற்றம் சொல்வதற்கு முன் ப்ரீதர் பைப்பைப் பாருங்கள். அது மடிந்தோ அடைத்தோ கிடந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே ஆயிலைப் பிதுக்கும். அந்த நிலையில் எத்தனை சீல் மாற்றினாலும் கசிவு திரும்பி வரும்.

கசிவை நிறுத்த அனபாண்ட் போன்ற பசையை அள்ளிப் பூசும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளியே பிதுங்குகிற பசை நம் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடுவோம். அதே அளவு உள்ளேயும் பிதுங்குகிறது. அது பிய்ந்து விழுந்து ஆயில் ஜாலியில் அடைத்துக்கொண்டால், சரியான அளவு ஆயில் இருந்தும் ஹெட்டுக்கு ஏறாது. கேமும் ராக்கரும் வறண்டு கரகரவென்று தேயும். டேப்பெட் மூடியைத் திறந்து, ஐட்லிங்கில் ஆயில் மேலே வருகிறதா என்று ஒரு நிமிடம் பார்ப்பது இதற்காகத்தான். ஒரு கசிவுக்குப் போட்ட வைத்தியம் ஒரு கேம் ஷாஃப்ட்டைக் கொன்றுவிடக் கூடாது.

அளவு குறையாமல் ஏறுகிற வண்டிகளும் வரும். கார்பரேட்டர் நீடில் சரியாக மூடாமல், பெட்ரோல் டேப்பும் திறந்தபடி கிடந்தால் பெட்ரோல் சிலிண்டர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனால் வாசனையே சொல்லிவிடும். அப்படி நீர்த்த ஆயிலில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட விடாதீர்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. காற்றால் குளிரும் எஞ்சினில் கூலன்ட் இல்லை என்பதால் அது வெளியிலிருந்து வந்த தண்ணீராகவோ, தினமும் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் குளிர்ந்து படியும் ஈரமாகவோதான் இருக்க முடியும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமே என்ற ஆசைதான் அதற்கு முதல் எதிரி. ஆயிலை வடித்து, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே கிக்கரைத் தொட வேண்டும்.

இனி, எரிகிற ஆயில். புகையின் நிறத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்: கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து மறையும் வெள்ளை என்றால் ஈரம், நீலம் என்றால் ஆயில். ஆனால் நிறத்தைவிடப் புகை வரும் நேரம்தான் அதிகம் பேசும். இரவெல்லாம் நின்ற வண்டியை எடுத்ததும் ஒரு வீச்சு நீலப் புகை வந்து நின்றுவிடுகிறது என்றால், வால்வு தண்டு வழியே இரவில் ஆயில் சொட்டி இறங்கியிருக்கிறது. அங்கே தேட வேண்டியது வால்வு சீலை. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு வந்து, கீழே வந்து முறுக்கும்போது குபுக்கென்று புகைந்தாலும் பெரும்பாலும் சீலோ கைடோதான், ஏனென்றால் மூடிய திராட்டிலில் உண்டாகும் உறிஞ்சல் அந்த வழியாகவே ஆயிலை இழுக்கிறது. மாறாக, சூடான பிறகும் பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போதெல்லாம் விடாமல் புகைந்தால் ரிங்கையும் போரையும் சந்தேகிக்கலாம். உங்களிடம் வண்டி வரும்போது எஞ்சின் சூடாகியே வருகிறது. காலைப் புகை அதற்குள் மறைந்துபோயிருக்கும். ஆகவே "எப்போது புகைகிறது?" என்று கேட்காமல் இந்தச் சோதனை தொடங்கவே முடியாது. தேவைப்பட்டால் வண்டியை ஓர் இரவு கடையில் வைத்துக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

சந்தேகத்தை உறுதிப்படுத்துவது கம்ப்ரஷன் கேஜ். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்து, பிளக் ஓட்டையில் கேஜைப் பொருத்தி அளவு எடுக்க வேண்டும். குறைவாக இருந்தால் அதே ஓட்டையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு உட்காரவில்லை. புல்லட்டின் யுசிஇ எஞ்சின் போலத் தானியங்கி டிகம்ப்ரஸர் உள்ளவற்றில் கேஜ் குறைத்தே காட்டும் என்பதை மறக்கக் கூடாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. மேலே இருக்கும் இரண்டு ரிங்குகளும் நன்றாக இருந்து, ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் சரியாகவே இருக்கும், ஆயிலும் எரியும். கேஜ் ஒரு சாட்சி, அவ்வளவுதான். பிளக்கில் படிந்த கரி ஈரமாக இருக்கிறதா உலர்ந்திருக்கிறதா, புகை வந்த நேரம், ஜாடிக் கணக்கு ஆகிய எல்லாம் ஒரே பக்கம் கை காட்டும்போதுதான் எஞ்சினைத் திறக்க உங்களுக்கு உரிமை வருகிறது என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு முதல் மறுப்பு இப்படி வரும்: "எதற்கு இவ்வளவு சோதனை? திறந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் புகை நிற்கத்தானே போகிறது?" நிற்கும் என்பது உண்மைதான். அதில்தான் ஆபத்தே இருக்கிறது. போர் போடும்போது ஹெட்டையும் இறக்குகிறோம், சீலையும் மாற்றுகிறோம். புகை நின்றதற்குக் காரணம் முப்பது நாற்பது ரூபாய் சீலா, ஆயிரக்கணக்கில் செலவான பிஸ்டன் செட்டா என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியதால் எதுவும் நிரூபணமாகவில்லை, ஆனால் போர்தான் தீர்த்தது என்ற நம்பிக்கை மட்டும் உறுதியாகிறது. அடுத்த வண்டிக்கும் அதே முழு வேலை, அதற்கடுத்த வண்டிக்கும் அதே. ஒரு தொழிலில் தவறான பழக்கம் இத்தனை காலம் நிலைப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. பிளாக்குக்கும் இது சும்மா போகிற காரியமல்ல. போர் போடுவது உலோகத்தைச் சுரண்டி எடுப்பது. 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர்சைஸ் படிகள் முடிந்தால் புது ஸ்லீவோ புது பிளாக்கோ வாங்க வேண்டும். தேவையில்லாமல் போட்ட ஒவ்வொரு போரும் அந்த வண்டியின் எதிர்காலத்திலிருந்து ஒரு படியைத் திருடுகிறது. கேடிஎம் 390 டியூக்கின் பூச்சுச் சிலிண்டரிலும் யமஹா ஆர்15-இன் டயாசில் சிலிண்டரிலும் வழக்கமான போருக்கே இடமில்லை; அங்கே தவறான தீர்ப்புக்கு விலை ஒரு முழு சிலிண்டர். எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஹெட்டை இறக்கிய பிறகு போரையும் அளந்து பார்ப்பது நியாயம்தான். அளந்து பார்ப்பது என்றுதான் சொல்கிறேன், மாற்றுவது என்று அல்ல.

"இருபது வருடக் கை இது, சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்" என்பது அடுத்த மறுப்பு. அந்தக் கையை நான் மதிக்கிறேன். கான்ராட் தட்டும் சத்தத்தைக் காதால் கண்டுபிடிப்பதை எந்தக் கேஜும் செய்துவிடாது. ஆனால் உங்களில் மூத்தவர்கள் கை பழகியது ஆர்எக்ஸ் 100-இலும் டிவிஎஸ் 50-இலும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் எரிவது கோளாறு அல்ல, அதன் இயல்பு. அங்கே கியர் ஆயில் குறைந்துகொண்டே புகை அதிகமானால் கிளட்ச் பக்கக் கிராங்க் சீல் என்று உடனே சொன்னீர்கள், ஏனென்றால் ஆயில் அளவையும் புகையையும் சேர்த்துப் பார்த்தீர்கள். அதுவே சோதனை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் எரிய வழிகள் கூடிவிட்டன, ஆனால் புகை பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. காதுக்கும் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் அனுபவம் கேஜைத் துணைக்கு அழைப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

"தடித்த ஆயில் ஊற்றினால் புகை குறைகிறதே" என்பவர்களுக்கு: குறையும், சில வாரம். இன்றைய பல 100 சிசி எஞ்சின்களுக்குக் கம்பெனி சொல்வது 10W-30. அதில் 20W-50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேமுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். புகையை மறைத்துக்கொண்டு இன்னோர் இடத்தைத் தேய்க்கிறோம். கார் ஆயிலை ஊற்றுவது இன்னும் மோசம். உராய்வைக் குறைக்கச் சேர்த்த வேதிப்பொருள் ஆயிலில் நனையும் கிளட்ச்சை வழுக்கச் செய்யும். ஜாசோ எம்ஏ என்ற தரம் வந்ததே இதற்காகத்தான். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கான எம்பி ஆயிலையும் கியர் வண்டியில் ஊற்றக் கூடாது. "குறைந்தால் ஊற்றிக்கொண்டே ஓட்டட்டும்" என்றும் விட முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பிஎஸ்-6 வண்டிகளின் சைலன்சரில் இருக்கும் வினையூக்கியில் எரிந்த ஆயிலின் பாஸ்பரஸும் சாம்பலும் படிந்து, மெல்ல மெல்ல அதைச் செயலிழக்கச் செய்யும்.

மிகக் கனமான மறுப்பைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்: "சோதனை செய்ய நேரம் போகிறது, கஸ்டமர் அதற்குக் காசு தருவதில்லை. ஸ்பேர் மாற்றினால்தான் கூலி." இது சாக்கு அல்ல, உண்மை. டாக்டர் மருந்து எழுதாமல் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டு வருகிற நாம், "ப்ரீதர் பைப் மடிந்திருந்தது, சரி செய்துவிட்டேன்" என்று சொல்லும் மெக்கானிக்கின் கையில் டீக் காசுதான் கொடுக்கிறோம். அந்தத் தவறு வண்டி ஓட்டுகிற எங்களுடையது. ஒரு கோளாறைக் கண்டுபிடித்ததற்குக் கூலி இல்லை, பாகத்தைக் கழற்றியதற்கு மட்டும்தான் கூலி என்று நாங்கள் பழக்கப்படுத்தியதால்தான் எல்லாப் பாதைகளும் எஞ்சினைத் திறப்பதில் போய் முடிகின்றன. உங்களில் நேர்மையானவர்தான் இதில் அதிகம் நஷ்டப்படுகிறார். அரை மணி நேரம் செலவழித்துச் சீல் மட்டும் மாற்றியவருக்குக் கிடைப்பது, பார்த்தவுடன் போர் என்று சொன்னவருக்குக் கிடைப்பதில் சிறு பங்கு. நேர்மைக்கு அபராதம் போடும் கூலி முறை இது, இதை மாற்றாமல் சோதனை செய்யுங்கள் என்று உங்களிடம் கேட்பது நியாயமாகாது.

ஆகவே சோதனைக் கூலியைத் தனி வரியாகவே எழுதிப் போடுங்கள். வண்டியை விட வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ஆயில் சோதனைக்கு இவ்வளவு, அதன் பிறகு வேலை செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம், வேலையை என்னிடமே கொடுத்தால் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்கிறேன். அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் இருக்கும். சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் எஞ்சின் வேலைக்கான தொகையைக் கேட்டு மலைத்து நிற்பவரிடம், அதில் சிறு பங்கைக் கொடுத்தால் அந்த வேலை வேண்டுமா வேண்டாமா என்பதே தெரிந்துவிடும் என்று சொன்னால், அவர் கணக்குப் போடத் தெரியாதவர் அல்ல. ஒரே தெருவில் இருக்கும் நாலைந்து கடைக்காரர்கள் பேசி ஒரே கூலியை வைத்துக்கொண்டால் அந்தப் பயமும் பெருமளவு குறையும். உங்கள் ஊர்ச் சங்கங்கள் வேலைக் கூலிப் பட்டியல் போடும்போது ஆயில் மாற்ற, பிரேக் ஷூ மாற்ற, செயின் செட் மாற்ற என்று எழுதும் வரிசையில் "எஞ்சின் சோதனை" என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமல்ல. கேஜின் விலை ஓர் எஞ்சின் வேலையின் கூலிக்கும் குறைவு.

சோதனை முடிந்ததும் வாயால் சொல்வதோடு விடாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: வடிந்த ஆயில் எத்தனை மி.லி., ஏர் ஃபில்டர் பெட்டி உலர்ந்திருந்ததா, புகை எந்த நேரத்தில் வந்தது, கம்ப்ரஷன் ஆயில் விடுவதற்கு முன்பு எவ்வளவு, விட்ட பிறகு எவ்வளவு. போர் தேவை என்றே முடிவானாலும் அந்தச் சீட்டு வீணாகாது. மூவாயிரம் கிலோமீட்டர் கழித்து அதே வண்டி மறுபடி வரும்போது, செய்த வேலை சரியாக அமைந்ததா என்று நீங்களும் அவரும் ஒரே எண்களைப் பார்த்துப் பேசலாம்.

அன்புடன்,
தினமும் இருசக்கர வண்டியில் போய்வரும் ஒருவன்